தகரக் கூரையின் கீழ் ஓரிரவு

மலைநாட்டுக்குச் செல்வோர் நீர்வீழ்ச்சியைக் கண்டு வியப்பர். தேயிலைச் சரிவின் பசுமையைக் கண்டு களிப்பர். அங்குள்ள வீட்டுக் கூரைகளை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. சென்ற ஆகஸ்ட் விடுமுறை வரை நாமும் அவ்வாறே இருந்தோம்.

எம்முடன் ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் நண்பர், நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் லயத்தை விட்டுக் குடிபெயர்வதற்காக, ஏழு பேர்ச் காணியிலே வீடு கட்டுகின்றனர். சுவர்கள் எழுந்துவிட்டன, கூரை ஒன்றே மிச்சம். "மலிவாகக் கிடைக்கிறதென்று அப்பா அஸ்பெஸ்டஸ் தகடு பேசி வைத்திருக்கிறார். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று நண்பர் அழைத்தார். யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டிலே வளர்ந்த எமக்கு விடை ஆயத்தமாகவே இருந்தது. ஓடு போடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம் என எண்ணினோம்.

புகைவண்டி ஏற ஏறக் குளிரும் ஏறியது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்று மாணவர்க்கு நாம் கற்பிப்பதுண்டு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. நானுஓயாவில் இறங்கியபோது, கற்பித்த பாடத்தை எமது பற்களே ஒப்புவித்தன.

அன்றிரவு லயத்திலேயே தங்கினோம். முன்னே ஓர் இஸ்தோப்பு. உள்ளே ஒரு காம்பரா. மேலே புகை படிந்து கறுத்த தகரம். தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்து கொட்டிற்று. தகரத்தின்மேல் விழுந்த மழையின் ஓசையிலே ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்கவில்லை. நண்பரின் தாயார் பேரப்பிள்ளையின் பாடப்புத்தகங்களை எடுத்துப் பொலித்தீன் பையிலே சுற்றித் தலைமாட்டில் வைத்தார். நாள்தோறும் செய்யும் வேலைபோல அதனைச் செய்தார்.

நள்ளிரவில் மழை விட்டது. ஆயினும் எம் முகத்திலே துளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒழுக்கு என்றே நினைத்தோம். "இது மழைத் தண்ணி இல்ல தம்பி, நம்ம மூச்சுத் தண்ணி" என்றார் பெரியவர் இருளிலிருந்து. உண்மைதான். உறங்குவோரின் மூச்சும் அடுப்பிலிருந்து எழும் ஆவியும் மேலே சென்று, குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகித் திரும்பி விழுகின்றன. தகரத்தின் கீழே ஓர் உட்கூரை அமைத்து, இடையிலே காற்றுக்கு வழிவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். லயத்திலே அதற்கு யார் செலவிடுவார்?

விடிந்ததும் புதிய வீட்டைப் பார்க்கச் சென்றோம். வழியிலே, லயக் கூரைகளின்மேல் கற்களும் மண்மூட்டைகளும் பாரமாக வைக்கப்பட்டிருந்தன. ஓட்டைப் பற்றி எடுத்துரைக்கத் தொடங்கினோம். பெரியவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, அக்கற்களைச் சுட்டிக்காட்டினார். "காத்து கூரைய அமுக்காது தம்பி, தூக்கும். இந்தச் சரிவுல ஓட்ட ஒவ்வொண்ணாக் கழட்டிப் போட்டுரும்" என்றார்.

எமது பாடம் அங்கே முடிந்து அவர் பாடம் தொடங்கிற்று. ஓட்டைக் கம்பியாலோ ஆணியாலோ பிணைத்தால் காற்றைத் தாங்கும். ஆனால் அதன் பாரத்துக்குக் கைமரமும் சலாகையும் தடித்தவையாக வேண்டும். செங்குத்தான பாதையிலே தலைச்சுமையாக ஏற்றுகையில் உடைவனவும் பல. ஈரம் உறிஞ்சும் ஓட்டிலே பாசி படரும். தை, மாசியில் உறைபனி விழும் இடங்களில், உறிஞ்சிய நீர் உறைந்து விரிந்து ஓட்டை வெடிக்கவும் செய்யலாம். சமவெளியிற் சிறந்தது மலையிலும் சிறந்ததாகவேண்டும் என்ற நியதி இல்லை.

அஸ்பெஸ்டஸைப் பற்றிச் சொல்லவேண்டியதை மட்டும் மறைக்காது சொன்னோம். அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கவல்லன என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் நுண்ணிழைகளே சுவாசத்துட் சென்று கேடு செய்கின்றன. அந்நோய் பல ஆண்டுகள் கழித்தே தோன்றும். "அறுக்கிறது நான், கீழ வெளயாடுறது பேரப்புள்ள" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார் பெரியவர்.

ஆக, எஞ்சியது தகரமே. அதிலும் வகையுண்டு. வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். நாகம் பூசினால், இரும்புக்கு முன்னே நாகம் அரிக்கப்பட்டு அதனைக் காக்கும். இன்று அலுமினியமும் நாகமும் கலந்து பூசி, அதன்மேல் வர்ணமிட்ட தகடுகளும் கிடைக்கின்றன. ஆனால் நல்ல தகட்டையும் தவறான ஆணி கெடுத்துவிடும். ஆணியை அலையின் மேட்டிலே அடிக்கவேண்டும். பள்ளத்திலே அடித்தால் ஓடும் நீர் துளைவழியே உள்ளே இறங்கும். ஆணிக்கு இறப்பர் வாசர் வேண்டும்; ஆணியினும் திருகாணி நன்று. காற்று முதலிற் பற்றுவது ஓரங்களையும் முகட்டையுமே. அங்கு நெருக்கமாக இறுக்கவேண்டும். இவையனைத்தையும் பெரியவரே சொன்னார்.

"இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் ஐயா அஸ்பெஸ்டஸ் பேசினீர்கள்?" என்று கேட்டோம்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. "நாப்பது வருசமா லயத்துத் தகரத்துக்கு ஆணி அடிச்சிருக்கேன். தோட்டம் குடுக்கிறத போடுவோம். எந்தத் தகரம் வேணும்னு என்னைய யாரும் கேட்டதில்ல. இப்பத்தான் மொத மொதலாத் தெரிஞ்செடுக்கிறேன். பழக்கமில்ல தம்பி" என்றார்.

இந்திய உதவியுடன் மலையகத்திலே 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வகுக்கப்பட்டதும், 2017 ஆம் ஆண்டு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. அவ்வெண்களைப் படிக்கும்போதெல்லாம் அப்பெரியவரின் சொல் எம் நினைவுக்கு வருகின்றது. கூரை நெடுங்காலம் நிலைக்கவேண்டுமாயின் நல்ல தகடு மட்டும் போதாது. வீடு தனது என்ற உறுதி கையில் இருப்பவனே, ஓர் ஆணி தளர்ந்தாலும் அன்றே ஏறி இறுக்குவான்.

கார்த்திகையிலே நண்பரிடமிருந்து செய்தி வந்தது. வர்ணத் தகடு போட்டாயிற்று. உட்கூரைக்குப் பணம் சேர்க்கின்றனர். அம்மா இன்னமும் புத்தகங்களைப் பையிலே சுற்றித்தான் வைக்கிறாராம். இவ்வளவு காலப் பழக்கம் ஒரு மழைக்காலத்தில் விட்டுப்போகுமா?