சிறுத்தைச் சின்னம் பிறந்த மண்

அமெரிக்காவின் அலபாமாவில் லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி. நம்ம மாவட்டம் மாதிரி. பெரும்பான்மை கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருத்தர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் பதியப்போன குத்தகைக்குடிகளைப் பண்ணையார்கள் விரட்ட, 80ஆம் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். அங்கே இன்று நினைவு மையம், சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்.

1966 தேர்தலில் அவர்கள் கட்சிச் சின்னம் கருஞ்சிறுத்தை. அது ஓக்லண்டுக்குப் போனது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளானது. நம்ம சேரிச் சுவரிலும் ஏறிச்சு.

பொதுவசதி? பல வீட்டுக்குச் சாக்கடை இணைப்பில்லை. களிமண் தண்ணி குடிக்காது. பீத்தண்ணி கொல்லையில தேங்குது. கழிவுத்தொட்டி கட்ட வக்கில்லாத ஏழை மேலேயே வழக்கும் பாய்ந்தது. 2023இல் மத்திய நீதித்துறை போட்ட ஒப்பந்தத்தை 2025இல் டிரம்ப் அரசு ரத்து செய்தது.

எங்க காலனித் தெருவிலும் மழைக்குச் சாக்கடை ஏறும். கேட்டால், 'நீங்கதான் சுத்தமா இருந்துக்கணும்' என்பார்கள். லவுண்ட்ஸில் ஓட்டு வந்து அறுபது வருஷமாச்சு. பல வீட்டுக்கு இன்னும் சாக்கடை வரலை.