புகாரை எழுதத் தெரிந்த போலீஸ்

வேப்பனப்பள்ளிப் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு நிறைகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். ஓடுங்கள். ஆனால் தம்பி, அந்த ஓட்டம் காக்கிச் சட்டை கிடைக்கும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலே நீ செய்யப்போவது, அழுதுகொண்டு வருகிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது. கேட்டதை உள்ளபடி எழுதுவது.

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் ஆந்திராவின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் கம்பெனி வேலைக்கும் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய்வருகிறார்கள், திருடனும் தாண்டுகிறான். வண்டியைப் பறிகொடுத்தவனிடம் "அது எங்க லிமிட் இல்ல, அங்கே போ" என்று சொல்ல இன்று சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைப் படி. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதே; அந்தப் பிரிவு யாருக்காக வந்தது என்று யோசி.

உள்ளதை உள்ளபடி சொல்லத் துணிச்சலும் வேண்டும்; சாத்தான்குளத்தை மறக்காதீர்கள். 2020 ஜூனில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, அவர்கள் அடிபட்ட இரவில் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சக போலீஸ்காரர்களுக்கு எதிராகச் சொன்ன சாட்சி அது. காக்கிக்கு ஆசைப்படும் நம் பெண்பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். தமிழ்த் தகுதித் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம், பழக்கம் வேண்டும். ஆடு காணாமல்போன கதையைப் பாட்டி தெலுங்கில் சொல்லட்டும், நீ தமிழில் எழுது. எப்போது, எங்கே, யார் பார்த்தது, எல்லாம் வரட்டும். உன் யூகம் ஒன்றும் சேர வேண்டாம். எழுதியதைப் பாட்டியிடமே வாசித்துக் காட்டு. வாய்மொழிப் புகாரை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதே 173ஆவது பிரிவுதான் சொல்கிறது.