சாபம்னு சொன்னாங்க... ஓட்டையைச் சொல்லலையே!

போன வருஷம் அப்பாவுக்கு பைக் விபத்து. தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்று மண்டையோட்டைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் ராத்திரி முழுக்க நானும் அம்மாவும். தூக்கமும் வரலை, பயமும் போகலை. துணைக்கு செல்போன் மட்டும்தான்.

அப்போதான் கண்ணில் பட்டது அந்தத் தலைப்பு. 'கறுப்பு சவப்பெட்டியைத் திறந்தார்கள்... அடுத்து நடந்தது என்ன?'

தட்டாமல் இருக்க முடியுமா? தட்டினேன். நாலு வரி, மூணு விளம்பரம், 'அடுத்த பக்கம்'. அங்கேயும் அதே கதை. ஏழு பக்கம் தள்ளின பிறகு, 'மர்மம் நீடிக்கிறது' என்று முடித்துவிட்டார்கள். அடப்பாவிகளா!

கடுப்பாகி, நிஜத்தில் என்னதான் நடந்துச்சுனு தேடினேன். எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் ஒரு கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்த கருங்கல் சவப்பெட்டி அது. 2018 ஜூலையில் சேதி வெளியானதுமே, உள்ளே இருப்பது மாவீரன் அலெக்சாண்டர், திறந்தால் சாபம் என்று உலகம் முழுக்கக் கிளப்பிவிட்டார்கள். திறந்து பார்த்தால் மூன்று எலும்புக்கூடுகள், செந்நிறத்தில் தண்ணீர். அது உள்ளே கசிந்த சாக்கடைத் தண்ணீர், பாஸ்! எகிப்து தொல்பொருள் துறையின் அப்போதைய தலைவர் முஸ்தபா வசிரி, 'நான்தான் முதலில் தலையை உள்ளே விட்டேன், நல்லாத்தான் இருக்கேன்' என்ற ரீதியில் சொல்லிச் சிரித்தார். அத்தோடு கூட்டம் கலைந்துவிட்டது.

ஆனால் நிஜமான சேதி வந்தது ஆகஸ்ட்டில்! எலும்புகளை ஆராய்ந்ததில், ஒன்று 20 முதல் 25 வயதுக்குள் இருந்த ஒரு பெண். மற்ற இருவரும் ஆண்கள். அதில் ஒருவர் மண்டையோட்டில் 1.7 செ.மீ. அளவில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் ஓரமெல்லாம் எலும்பு ஆறியிருந்தது. அதாவது, மண்டையில் துளை போட்டு ஆபரேஷன் செய்திருக்கலாம். அதற்கப்புறமும் அந்த மனுஷன் ரொம்ப நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்றார்கள். பழங்கால எகிப்தில் இது அபூர்வமாம்.

படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்றைய மாதிரி மயக்க மருந்து கிடையாது, ஸ்கேன் கிடையாது. அந்தக் காலத்திலேயே ஒருத்தர் பிழைச்சிருக்கார்! அதனால் அப்பாவும் பிழைப்பார் என்று அர்த்தமில்லைதான். ஆனாலும் அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் தைரியம் அதுதான். அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்துலயேவாடா?" என்று கேட்டுவிட்டு, ரெண்டு நாளில் முதல் தடவையாக அம்மா டீ குடித்தாள்.

எனக்குக் கோபம் இதில்தான். சாபம் பொய் என்பதுகூடப் பரவாயில்லை. அந்தப் பொய்யைவிட ஆயிரம் மடங்கு ஆச்சர்யமான உண்மை அதே பெட்டிக்குள் கிடந்தது. ஏழு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை! க்ளிக் வந்துவிட்டது, காசு வந்துவிட்டது, அப்புறம் எலும்புக்கூடு எக்கேடு கெட்டால் என்ன?

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை 'அதிர்ந்துபோன விஞ்ஞானிகள்'னு ஏதாவது வந்தால் உடனே ஃபார்வர்டு பண்ணாதீங்க. தோண்டினவங்க என்ன சொன்னாங்க, ஒரு மாசம் கழிச்சு என்ன சொன்னாங்கனு தேடிப் பாருங்க. நல்ல சேதி பெரும்பாலும் லேட்டாத்தான் வருது.

அப்பா இப்போ வீட்டில் இருக்கார். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, தையல் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அப்போ நானும் அந்த எகிப்துக்காரரும் ஒரே பேட்ச்னு சொல்லு!"