மயிலிட்டிக் கரையில் சாக்குக்கணவாய்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் இருக்கிறது மயிலிட்டி. போருக்கு முன்னர் வடக்கில் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம் அது. 1990 ஜூன் மாதத்தில் ஊர்ச் சனம் முழுவதும் எழும்பிப் போக வேண்டி வந்தது. துறைமுகமும் அதனைச் சேர்ந்த 54 ஏக்கர் காணியும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3ஆம் திகதி. இருபத்தேழு வருடங்கள். ஒரு பெண்பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டி, தானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிடக்கூடிய காலம். வலிகாமம் வடக்கில் விடுபடாத காணிகள் இன்னும் உண்டு.

மீள்குடியேறிய குடும்பங்களைச் சந்திக்கப் போகும் எங்கள் கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். வீடு, வள்ளம், வலை, கிணறு, பனை என்று இழந்தவற்றை எழுத அதில் இடம் உண்டு. குசினியில் இழந்ததை எழுதத்தான் கட்டம் இல்லை. அப்படியும் ஒன்று இருக்கிறது என்பதை இந்த ஊரில்தான் கண்டேன்.

கரையோரமாக இருந்த அந்த வீட்டில் தாயும் மகளும் மகளின் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆண்துணை இல்லாத வீடு. உறவுக்காரப் பெடியன் ஒருவன் நண்டுக் கூட்டில் ஏறியிருந்த சாக்குக்கணவாய் ஒன்றைக் கொண்டுவந்து வாளிக்குள் போட்டுவிட்டுப் போனான். நண்டு இதற்குப் பிடித்தமான இரை. நண்டைத் தேடிக் கூட்டுக்குள் போய்த் தானும் அகப்பட்டுக் கொள்ளும். சில இடங்களில் பேய்க்கணவாய் என்றும் சொல்வார்கள். ஓடுள்ள கணவாய்க்கும் ஊசிக்கணவாய்க்கும் பத்துக் கால்கள், இதற்கு எட்டு. உடம்பில் ஓடும் இல்லை, எலும்பும் இல்லை. இந்தக் கரையின் சுண்ணாம்புக்கல் பொந்துகள் அதற்கு நல்ல வீடு.

மகளுக்கு முப்பது வயதளவில் இருக்கும். வாளியை எட்டிப் பார்த்தவள், "உதை ஆருக்கும் குடுங்கோ அம்மா, எனக்குத் தொடவே அருவருப்பாக் கிடக்கு" என்றாள். கடற்கரைக் குடும்பத்துப் பெண் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். தாய்க்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

"அவள் முகாமில வளந்தவள், பிள்ளை. அங்க நிவாரண அரிசியும் மாவும் பருப்பும்தான். இதை அவிக்க ஒரு மணித்தியாலம் வேணும். அவ்வளவு விறகுக்கு எங்க போறது? நான் காட்டிக் குடுக்கேல்லை, அவளுக்குத் தெரியாமப் போச்சு."

அன்று காட்டிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது அது புதிதா என்பது. மணம் கடல் மணமாகவே இருக்க வேண்டும். கண் தெளிவாக, தசை இறுக்கமாக இருக்க வேண்டும். விரலளவே உள்ள சிறியது, உடம்பில் நீல வளையங்களோடு இருந்தால் கையாலும் தொட வேண்டாம். அந்த இனம் இலங்கைக் கடலிலும் உண்டு. அதன் நஞ்சு உயிரைக் கொல்லும், அவித்தாலும் போகாது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

தலையைச் சாக்கைப் புரட்டுவது போல உள்வெளியாகப் புரட்டி, குடலையும் மைப்பையையும் எடுத்தார். மை உடைந்தால் குறையொன்றுமில்லை, கழுவினால் போய்விடும். கண் இருக்கும் பகுதியை வெட்டி வீசினார். கால்கள் கூடும் நடுவில் கிளியின் சொண்டு போல ஒரு பல் இருக்கிறது. பின்னாலிருந்து பெருவிரலால் அமத்த அது வெளியே வந்துவிட்டது. பிறகு ஒரு பிடி கல்லுப்புப் போட்டு, உடுப்புத் தோய்ப்பது போல நன்றாகக் கசக்கினார். வழுவழுப்பு நுரையாகக் கழன்றது. மூன்று தண்ணீரில் அலசினார். "இப்ப தொட்டுப் பார்" என்று மகளின் கையில் கொடுத்தார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினாள்.

இதன் இறைச்சி சூடு பட்டவுடன் இறுகும். அரை அவியலில் இறக்கினால் செருப்புத் தோல்தான். பொறுமையாக விட்டால் தசைநார் கரைந்து பஞ்சு போலாகும். சட்டியில் கால் பேணித் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், தட்டிய இஞ்சி. உப்புப் போடவில்லை, கடல் உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. மூடி, மெல்லிய நெருப்பில் வைத்தார். தன் தண்ணீரிலேயே அது வேகும். ஒரு கிலோவுக்கு முக்கால் மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். பிரஷர் குக்கர் உள்ளவர்களுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். தடித்த காலில் ஈர்க்குக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒரு கிலோ அரைக் கிலோவாகச் சுருங்கும், ஏமாந்து போகாதீர்கள்.

அது வேகும் நேரத்தில் நான் வாசித்த ஒன்றைச் சொன்னேன். மடகஸ்காரின் தென்மேற்குக் கரையில் பெண்கள் வற்றுக்கடலில் நடந்து, கூர்த் தடியால் பொந்துகளில் இதைப் பிடிப்பார்கள். 2004இல் அங்கே அந்தவாதுவாகா என்ற ஊரவர் தங்கள் கடலின் ஒரு பகுதியைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். திறந்தபோது பெரிய கணவாய்கள் கிடைத்தன. பெண் கணவாய் முட்டையிட்ட பின் இரை தின்னாமல் காவலிருந்து, குஞ்சு பொரித்ததும் இறந்துவிடும் என்றும் சொன்னேன். தாய் ஒன்றும் பேசவில்லை. மகள்தான், "சாப்பிடாமலோ?" என்று கேட்டாள்.

வெந்ததைத் துண்டாக்கிச் சூட்டோடு மிளகுதூளும் தேசிக்காய்ப்புளியும் விட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். அவ்வளவே போதுமானது என்பது என் எண்ணம். மிகுதியைப் பிரட்டலாக்கினார்: நல்லெண்ணெயில் வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை வதக்கி, கறித்தூள் போட்டு, கட்டிப்பால் விட்டு வற்றும்வரை பிரட்டினார். உப்பைப் பார்த்துக் கடைசியில் சேர்த்தார். நூறு கிராம் பச்சை இறைச்சியில் ஏறத்தாழ 15 கிராம் புரதமும் 5 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உண்டு. கொழுப்பு ஒரு கிராமளவுதான். இரத்தசோகை உள்ள சகோதரிகளுக்கு நல்லது. நண்டு, கணவாய் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் தவிர்க்க வேண்டும்.

புட்டோடு சாப்பிட்டோம். பிள்ளைகள் இரண்டாம்முறை கேட்டார்கள். மகளும் இரண்டு துண்டு எடுத்தாள், ஆனால் காலின் குமிழ்களை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

சட்டியடியில் சிவந்த தண்ணீர் ஒரு கோப்பையளவு மிஞ்சியிருந்தது. நான் கழுவ எடுத்தபோது தாய் தடுத்தார். அதை மூடி வைத்தார், பின்னேரம் ஒடியற்கூழுக்கு.