அம்மாவுக்குப் படித்துக் காட்டிய இரண்டு புத்தகங்கள்

என் தாயாருக்கு வயது எழுபத்தைந்து. கண் பார்வை மங்கிவிட்டபடியால், இரவுச் சாப்பாடு ஆனதும் ஒரு மணி நேரம் அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவது என் உத்தியோகங்களில் ஒன்றாகிவிட்டது. பகலில் செங்கற்பட்டில் நாற்பது பையன்களுக்குச் சரித்திரம் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு இரவில் ஒரே ஒரு மாணவி. ஆனால் அந்த நாற்பது பேரும் கேட்காத கேள்விகளை இவர் ஒருவரே கேட்டுவிடுவார்!

முதலில் எடுத்துக்கொண்டது 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரையில் 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்தபோது என் பாட்டி வாரந்தோறும் காத்திருந்து படித்த கதை. மாறுவேஷங்களும் ஒற்றர்களும் அதில் கொஞ்சம் அதிகந்தான். நாகநந்தி அடிகளின் மர்மத்தை அம்மா எனக்கு முன்பே ஊகித்துவிட்டார். ஆனாலும் வாதாபி எரிந்து, சபதம் நிறைவேறிய பிறகு, சிவகாமிக்கு மிஞ்சியது என்ன என்பதைச் சொல்லும் கடைசிப் பாகத்தில் எனக்கே குரல் கம்மிவிட்டது.

கதை முடிந்ததும், "என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போ" என்றார் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் நின்று, யானைகளையும், தவம் செய்யும் பூனையையும் நான் விவரிக்க விவரிக்கக் கேட்டுக்கொண்டு வந்தவர், "இதில் ஆயனர் செதுக்கினது எது?" என்றார்.

சரித்திர உபாத்தியாயர் சும்மா இருப்பாரா? "மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், பரஞ்சோதி, புலிகேசி இவர்கள்தான் அம்மா சரித்திரத்தில் இருந்தவர்கள். ஆயனரும் சிவகாமியும் வெறும் கற்பனை" என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். அம்மாவின் முகம் வாடிப் போயிற்று. சற்று நேரம் பேசவில்லை.

பிறகு, "இந்தப் பாறையைச் செதுக்கின ஒருத்தன் இருந்தானா இல்லையாடா? அவன் பெயர் உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"கல்கி ஒரு பெயர் வைத்தார். உனக்கென்ன நஷ்டம்?"

எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்தபடியாக, கற்பனை கலவாத புத்தகமாகப் பார்த்து, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எடுத்தேன். 1940-இல் 'ஆனந்த விகட'னில் தொடங்கிய சுயசரிதம் அது. தொடக்கத்தில் வரும் ஊர்க் கதைகளும் முன்னோர் வரலாறும் சற்று நீளம் என்பது என் அபிப்பிராயம். அம்மாவுக்கோ அவைதாம் பிடித்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணெய் ஸ்நானத்துக்கு உட்கார்ந்திருக்க, வீட்டில் எண்ணெய் இல்லாமற் போன கட்டம் வந்தது. அத்தனை பெரிய புலவர். ஆசிரியரின் வறுமையை மாணாக்கர் கண்டுகொள்கிறார். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"இரு. நோட்டுப் புத்தகம் கொண்டு வராத பையனை வெளியே நிறுத்தினேன் என்று போன வாரம் சொன்னாயே, அவன் என்ன ஆனான்?" என்றார் அம்மா.

மறுநாள் அவனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். ஒரே நோட்டில் முன்பாதி இவனுக்கு, பின்பாதி தங்கைக்கு. தங்கைக்குத் தேவைப்படும் நாட்களில் இவன் வெறுங்கையோடு வருகிறான். மூன்று முறை வெயிலில் நின்றவன் ஒரு முறைகூட இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான முகம் எனக்கு இல்லை போலும்! இரண்டு நோட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

1942-இல் ஐயரவர்கள் காலமாகிவிட்டதால் 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தேன்.

"அப்புறம்?" என்றார் அம்மா.

"அவ்வளவுதான் அம்மா. அதற்கு மேல் அவர் எழுதவில்லை."

"அப்படியானால் உத்தமதானபுரத்திலிருந்து மறுபடியும் படி. எனக்குத் தூக்கம் வரவில்லை."