கம்போங் மேடானில் ஒரு பிட்காயின் மைனிங் கருவி

பிட்காயின் மைனிங்கில் இறங்கும் சிறு முதலாளிக்கு லாபமா நட்டமா என்பதை மாதா மாதம் வரும் கரண்டு பில்லே தீர்மானிக்கிறது. கருவியின் விலை ஒருமுறைச் செலவு. காயினின் விலை யார் கையிலும் இல்லை. பில் மட்டும் தவறாமல் வரும்.

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் வலையமைப்பில், ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பணப் பரிமாற்றங்களின் புதிய தொகுதி ஒன்று சேர்கிறது. அந்தத் தொகுதியைப் பூட்டுவதற்கான எண்ணை உலகெங்கும் உள்ள கருவிகள் ஓயாமல் தேடுகின்றன. முதலில் கண்டுபிடிப்பவருக்கே பரிசு. தொடக்கத்தில் 50 காயினாக இருந்த பரிசு, ஏறக்குறைய நாலாண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. கருவிகள் பெருகினால் தேடலும் அதற்கேற்பக் கடினமாக்கப்படுகிறது. 2,016 தொகுதிக்கு ஒருமுறை இந்தச் சரிக்கட்டல் நடக்கிறது. ஆகவே எத்தனை லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தாலும் பங்கிடப்படும் காயின் கூடுவதில்லை, ஒவ்வொருவர் பங்கும்தான் சுருங்குகிறது. புதிதாக வருவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ஆரம்ப ஆண்டுகளில் வீட்டுக் கணினியே போதுமாயிருந்தது. பிறகு கிராஃபிக்ஸ் கார்டுகளின் காலம் வந்தது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் விற்பது போன்ற விளையாட்டுக் கணினிக் கார்டுகளை வைத்தே பலர் எத்தீரியம் என்னும் வேறொரு காயினை எடுத்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. சின்ன முதலுக்கு ஓரளவு திறந்திருந்த வழி அன்றோடு பெரும்பாலும் அடைபட்டது. இன்று பிட்காயினுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட கருவி வேண்டும்.

2020இல் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்19 புரோ கருவியை எடுத்துக்கொள்வோம். புதிய ரகங்கள் வந்த பின் இது பழையதாகக் கைமாறுகிறது. சிறு பட்ஜெட்காரர் கண்ணில் படுவதும் இதுபோன்றதுதான். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கே, பழைய கிள்ளான் சாலைப் பக்கம் உள்ள கம்போங் மேடான், ஒரு காலத்தில் புறம்போக்குக் குடியிருப்பு. இப்போது சுற்றிலும் குறைந்த விலை அடுக்குமாடிகள். அங்கே ஒரு மூன்றறை வீட்டில் இந்தக் கருவியை வைத்தால் முதல் சிக்கல் சுவரிலேயே தொடங்கும். கருவி இழுப்பது 3,250 வாட், அதாவது ஏறக்குறைய 14 ஆம்பியர். வீட்டு மூன்று முள் பிளக்கு தாங்குவது 13 ஆம்பியர். இழுக்கும் மின்சாரம் முழுதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கான் முழு வேகத்தில் ஓடினாலும் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாது. விசிறியின் இரைச்சலோ எந்நேரமும் ஓடும் வேக்குவம் கிளீனர் போன்றது. மெல்லிய சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும்.

இனி கணக்கு. இரவு பகலாக ஓடினால் மாதம் 2,340 யூனிட் செலவாகும். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதப் பயன்பாடு 1,500 யூனிட்டுக்குள் இருந்தால் வீடுகளுக்கு யூனிட் சுமார் 44 சென், தாண்டினால் 54 சென். இந்தக் கருவி மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால், இதற்கு மாதம் 1,100 ரிங்கிட்டுக்குக் குறையாது. வரவைப் பார்ப்போம். 2025இல் உலக வலையமைப்பின் மொத்தத் தேடல் வேகம் நொடிக்கு ஒரு செட்டாஹேஷை எட்டியது. அதில் இந்தக் கருவியின் பங்கு ஒரு கோடியில் ஒன்றைச் சற்றே தாண்டும். தனியாக ஓட்டினால் ஒரு தொகுதி கிடைக்கச் சராசரியாக 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் பலர் கூட்டாகச் சேர்ந்து ஓட்டும் 'பூல்' இருக்கிறது. அதில் சேர்ந்தால், ஒரு காயின் ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மாதம் கிடைப்பது ஏறக்குறைய 620 ரிங்கிட். பூல் கட்டணமும் பழுதுச் செலவும் இன்னும் சேரவில்லை. மாதம் ஐந்நூறு ரிங்கிட்டாவது கையைக் கடிக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்துதான் சிலர் மீட்டரைச் சுற்றி ஒயரை இழுக்கிறார்கள். மலேசியாவில் திருட்டு மின்சாரத்தில் இந்தத் தொழில் எவ்வளவு கொழிக்கிறது என்பதற்கு அரசின் புள்ளிவிவரமே சாட்சி. 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை இத்தகைய திருட்டால் மின் நிறுவனமான தெனாகா நேஷனல் இழந்தது 460 கோடி ரிங்கிட்; பிடிபட்ட இடங்கள் 13,827. சரவாக்கின் மிரி நகரில் பறிமுதலான 1,069 கருவிகளை 2021இல் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கினார்கள். 2025 பிப்ரவரியில் சிலாங்கூரின் பண்டார் புஞ்சாக் ஆலாமில் ஒரு வீடு வெடித்தபோது, உள்ளே இருந்தவை மைனிங் கருவிகள் என்பது தெரியவந்தது. மீட்டரில் கை வைப்பது 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி குற்றம், சிறையும் உண்டு.

கருவியே வேண்டாம், எங்கள் கருவியில் பங்கு வாங்குங்கள் என்று அழைக்கும் 'கிளவுட் மைனிங்' இன்னும் ஆபத்தானது. எஸ்டோனியாவின் ஹேஷ்ஃபிளேர் நிறுவனம் அப்படித்தான் உலகெங்கும் பங்கு விற்றது. விற்றதாகச் சொன்ன கணினித் திறனில் பெரும்பகுதி அதனிடம் இல்லவே இல்லை. அதன் நிறுவனர்கள் இருவரும் 2025 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக் கட்டணத்தில், சிறு முதலில், நேர்மையாக மைனிங் செய்வது கட்டுப்படியாகாது. பிட்காயினில் நம்பிக்கை உள்ளவர், பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவான லூனோ போன்ற சந்தையில், போனாலும் பரவாயில்லை என்கிற தொகைக்குக் காயினையே வாங்கலாம். கரண்டு பில்லும் இரைச்சலும் மிச்சம். கடைவீட்டையோ பழைய வீட்டையோ வாடகைக்கு விடுவோர் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்: சாவியைக் கொடுக்கும் அன்றே மின்கணக்கைக் குடியேறுபவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். திருட்டு பிடிபட்டால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் தெனாகா பாக்கியைக் கேட்டு வரும்.