கோவில் வேனில் எரிந்த மஞ்சள் விளக்கு

"வேன் ஏன் ரெண்டு வாரமா ஓடல?"ன்னு குரூப்பில் பல பேர் கேட்டுட்டீங்க. உபயப் பணத்தில் ஓடுற வண்டி, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதனால விவரமாவே எழுதுறேன்.

மீட்டரில் கார் சறுக்குற மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். டிராக்‌ஷன் கண்ட்ரோல். மழையில் சக்கரம் வழுக்கும்போது அது சிமிட்டினால் பயப்பட வேண்டாம், வேலை செய்யுதுன்னு அர்த்தம். விடாமல் எரிந்தால், யாரோ ஆஃப் பட்டனை அழுத்தியிருக்கணும், இல்லைன்னா கோளாறு. நம்ம வேனில் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தது. அணைச்சு ஸ்டார்ட் பண்ணினா போயிடும். கோவில் சந்தில் திரும்பினதும் மறுபடி வரும்.

முதலில் போன வொர்க்‌ஷாப்பில் சின்ன ஸ்கேனரை மாட்டினாங்க. எஞ்சினில் கோட் எதுவும் வரலை. "அப்போ ஏபிஎஸ் பாக்ஸ் போச்சு, 2,800 வெள்ளி"ன்னு சொல்லிட்டாங்க. பொருளாளர் முகத்தைப் பார்க்கணுமே! எத்தனை வார அன்னதானம்னு அங்கேயே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். அதுக்காக அப்படியே ஓட்டவும் மனசு வரலை. அந்த வேனில் வர்றவங்க பாதிப் பேர் எழுபது தாண்டின பாட்டிமார். சாதாரணமா பிரேக் பிடிக்கும். ஆனா ஈர ரோட்டில் அவசரமா மிதிச்சா, சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்க ஏபிஎஸ் இருக்காது.

நம்ம கோவிலில் மாலை கட்ட வர்ற ஐயா ஒருத்தர், முன்னாள் போர்மேன். "பாக்ஸை விடு தம்பி, மொதல்ல சக்கரத்தைக் கேளு"ன்னார். டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்குத் தனியா கண் கிடையாதாம். நாலு சக்கரத்திலும் இருக்கிற ஏபிஎஸ் சென்சார் சொல்ற வேகத்தை ஒப்பிட்டுத்தான் எது வழுக்குதுன்னு தெரிஞ்சுக்குது. ஒன்னு தப்பாச் சொன்னாலும் கம்ப்யூட்டர் ரெண்டையும் நிறுத்திட்டு விளக்கைப் போட்டுடும். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோட் மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் படிக்கிற மெஷின் வேணும்.

அவருக்குத் தெரிஞ்ச இடத்தில் அதை மாட்டினோம். சி0035, முன் இடது சக்கர சென்சார் சர்க்யூட். உடனே சென்சார் வாங்கிடலாம்னு நான் கிளம்பினேன். "சர்க்யூட்னுதானே சொல்லுது, சென்சார் செத்துப்போச்சுன்னா சொல்லுது?"ன்னு உட்கார வச்சுட்டார். காலி மைதானத்தில் ஓட்டச் சொல்லி, திரையைப் பார்த்துக்கிட்டே வந்தார். நேராப் போனப்போ நாலும் 30. மெதுவா ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிச்சதும் முன் இடது மட்டும் பொசுக்குனு 0.

ஜாக்கி போட்டுப் பார்த்தா, முன்னே அப்சோர்பர் மாத்தினப்போ சென்சார் வயரைப் பிடிக்கிற கிளிப்பை யாரும் திரும்ப மாட்டலை. வயர் தொங்கி, திரும்பும்போதெல்லாம் இழுபட்டு, ரப்பர் உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கு. வெளியே ஒரு கீறல் இல்லை! அந்த இடம் எப்பவும் ஆடுறதால ஒட்டுப் போட்டா நிக்காதுன்னு, வயரோட வர்ற சென்சாரையே மாத்தினோம். கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. கோடை அழிச்சுட்டு அதே சந்தில் பத்து தடவை திருப்பிப் பார்த்தாச்சு, விளக்கு வரலை.

உங்க காரில் இதே மஞ்சள் விளக்கு வந்தா, எந்தச் சக்கரம்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டவே ஓட்டாதீங்க, ஓரமா நிறுத்துங்க.

பில் நோட்டீஸ் போர்டில் இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை வேன் வழக்கம்போல 6.15க்குக் கிளம்பும். பாட்டிமார்கிட்ட சொல்லிடுங்க.